இடித்த வீட்டு மண்

"போன வருஷத்துத் தக்காளி இதைவிட இனிப்பா இருந்துச்சு" என்றான் அவள் கணவன்.

சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்து உப்பில் லேசாகத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டான். மகள் தட்டில் தேங்கியிருந்த சாற்றை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்துக் கட்டிய மேட்டுப்பாத்திகள் வெயிலில் கிடந்தன. அவள் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. போன வருஷம் அவர்களுக்குத் தோட்டமே கிடையாது. அந்த இடத்தில் துணி காயப்போடும் கொடியும் துருப்பிடித்த சைக்கிள் ஒன்றும்தான் இருந்தன.

"கடையில வாங்கினதைச் சொல்றீங்களா?"

"கடைத் தக்காளிக்கு ருசி ஏது? நம்ம வீட்டுத் தக்காளியைச் சொல்றேன்."

அவள் மேலே கேட்கவில்லை. அவனுக்கு வேலைக்குக் கிளம்புகிற அவசரம். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கம்பியோடும் கிரீஸோடும் மல்லுக்கட்டுகிறவன். தூக்கம் போதாதவன் வாயில் நேற்றும் போன வருஷமும் குழம்பத்தானே செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மதியம் தன் வேலைக்குப் போக பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்த வாக்கியம் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

தோட்டம் போட்டது அவளுடைய யோசனை. மகளுக்கு முழங்கை மடிப்பில் அடிக்கடி தடிப்பு வந்துகொண்டிருந்தது. காய்கறியில் அடிக்கிற மருந்துதான் காரணமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அது வெளியே சொல்லிக்கொள்ள ஒரு காரணம். உள்ளே வேறு ஒன்று இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். மதியம் போனால் கடை சாத்தும் வரை வேலை. வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள், கணவன் பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். சமையலறையில் அவர்கள் சாப்பிட்ட இரண்டு தட்டுகளும் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். அந்த இரண்டு தட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறுகும். நாம் இல்லாமலேயே இந்த வீடு நன்றாகத்தான் நடக்கிறது என்று தோன்றும். மேஜையில் நான் இல்லாவிட்டாலும், தட்டில் இருப்பதாவது என் கையால் வந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தாள். காலை நேரம் முழுக்க அவளுடையது. அதை மண்ணுக்குக் கொடுத்தாள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். தக்காளி, கத்தரி, கீரை எதையும் தொடக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் ஆசை ஆசையாக வளர்த்ததெல்லாம் அவள் சாப்பிட முடியாதவை. "கல்யாண வீட்டுச் சமையல்காரன் கதைதான் உனக்கு" என்று கணவன் கேலி செய்வான். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "நான் ஊரையே மேல தூக்கிவிடறவன். என் வீட்டுக்காரி மண்ணையே மேல தூக்கி வெச்சிருக்கா" என்று பெருமையாகச் சொல்வான்.

மண் கொண்டுவந்து கொட்டியவர் ஒரு லாரிக்காரர். கட்டடம் இடிக்கிற இடங்களில் சுமை ஏற்றுகிறவர்.

"பழைய வீடு ஒண்ணு இடிச்சோம்மா. இது பின்பக்கத் தோட்டத்து மண்ணு. கறுப்பு. கையில எடுத்தா கேக்கு மாதிரி உதிரும். விதை போடக்கூட வேணாம், விதையைக் காட்டினாலே முளைச்சிடும்" என்றார்.

அவர் சொன்னது மிகையில்லை. பாத்திக்கு அடியில் பழைய அட்டைகளை விரித்து, காய்ந்த இலைகளை அமுக்கி, மேலே அந்த மண்ணைச் சலித்துப் போட்டாள். சலிக்கும்போது உடைந்த பீங்கான் துண்டு, சட்டைப் பொத்தான், தலைப்பின் என்று ஏதேதோ வந்தன, பொறுக்கி எறிந்தாள். செடிகள் கிடுகிடுவென எழுந்தன. ஒரு புழு இல்லை, இலையில் ஒரு ஓட்டை இல்லை. மருந்தே அடிக்காமல் இப்படி ஒரு விளைச்சலா என்று பூரித்துப்போனாள். பூச்சி மட்டுமல்ல, குருவியும் அந்தப் பக்கம் வருவதில்லை என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

பிறகு மண்புழுக்கள். உரத்தோடு சேர்த்துக் கைநிறைய வாங்கிவந்து பாத்தியில் விட்டிருந்தாள். மறுநாள் காலையில் அவையெல்லாம் பலகையைத் தாண்டி விழுந்து, சிமென்ட் தரையில் காய்ந்து கிடந்தன. சிதறிக் கிடக்கவில்லை. ஒரே திசையில், பாத்திக்கு முதுகு காட்டியபடி, எவ்வளவு தூரம் ஊர முடியுமோ அவ்வளவு தூரம் ஊர்ந்து செத்திருந்தன.

தக்காளி பழுத்த பிறகு ஒரு காலையில் களை பிடுங்கக் கையை விட்டவள், சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. உரம் மக்கும்போது சூடு கிளம்பும், அது அவளுக்குத் தெரியும். இது அந்தச் சூடு இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையில் கை வைத்தால் இருக்குமே, அந்த இளஞ்சூடு. குனிந்து முகர்ந்தாள். மண் வாசனை வரவில்லை. அலமாரியில் நாள்பட மடித்து வைத்த துணி, தலைக்குத் தடவிய எண்ணெய், சுவரில் ஊறிய அடுப்புப்புகை, ஈரம் காயாத குளியலறை, இவையெல்லாம் கலந்த ஏதோ ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை உண்டு. குடியிருக்கிறவர்களுக்கு அது தெரியாது, வருகிறவர்கள் மூக்குக்குத்தான் தெரியும். வெட்டவெளியில், ஒரு பாத்தி மண்ணிலிருந்து, அவள் ஒருநாளும் நுழைந்திராத ஒரு வீட்டின் வாசனை எழுந்து அவள் முகத்தில் மோதியது.

அதன்பிறகுதான் அவள் வீட்டுக்குள் நடப்பவற்றைக் கவனிக்கத் தொடங்கினாள்.

கணவன் சமையலறையில் விளக்குப் போடும்போது இடது பக்கச் சுவரைத் தடவினான். சுவிட்ச் வலது பக்கம்தான் இருந்தது, அவர்கள் குடிவந்த நாளிலிருந்து. வெறும் சுவரில் அவன் விரல்கள் நிதானமாக, பழக்கப்பட்ட இடத்தில் தேடுகிற மாதிரி தேடின. மகள் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும்போது வாசலில் காலைத் தூக்கி வைத்தாள். அங்கே படி கிடையாது. சமதளம். அவள் கால் இல்லாத படியைத் தேடிக் கீழே இறங்கியதும் ஒரு கணம் தடுமாறினாள்.

"என்னடா செல்லம், காலு வலிக்குதா?"

"இல்லம்மா." கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, மாடிக்கு எப்படிப் போறது?"

"நமக்கு ஏதுடா மாடி?"

மகள், பெரியவர்கள் ஏதோ விளையாட்டுக்குப் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் விட்டுக்கொடுக்கிற பிள்ளை மாதிரி சிரித்தாள்.

அந்த வாரமே ஒரு நாள் கடை முடிந்து வந்து சமையலறை விளக்கைப் போட்டவள், தட்டு அடுக்கைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றாள். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மூன்று இருந்தன. மூன்றிலும் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

படுக்கையறைக்குப் போய்க் கணவனைத் தொட்டு எழுப்பினாள். "யாராவது வந்திருந்தாங்களா?"

"யாரும் வரலையே."

"மூணு தட்டு இருக்கு."

"ஆமா" என்றான், கண்ணைத் திறக்காமல். "மூணு பேர்தானே."

திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் வெகுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர்தான், தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறான், தூக்கக் கலக்கம். அப்படித்தான் இருக்க வேண்டும். மறுநாளும் மூன்று தட்டுகள் இருந்தன. அதற்கடுத்த நாள் மூன்றாவது தட்டின் ஓரத்தில், கழுவியும் போகாமல், ஈர மண் ஒரு கோடாக ஒட்டியிருந்தது.

சனியன் பிடித்த தோட்டம் என்று மனசு சொன்னது. மூளை, தோட்டம் என்ன செய்யும் என்று கேட்டது. படித்தவள், நாள்தோறும் கண்களை அளக்கிறவள். இல்லாததை இருப்பதாகப் பார்க்கிறவர்களும் இருப்பதைப் பார்க்காதவர்களும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு கண்ணாடி வில்லை உண்டு என்பது அவள் நம்பிக்கை. ஆனாலும் அவள் தக்காளி பறிப்பதை நிறுத்தினாள். பிரயோஜனம் இல்லை. கணவனே பறித்தான். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் நேராகப் பாத்திக்குப் போய்க் கீரையைக் கிள்ளிப் பச்சையாகவே மென்றாள்.

அவளுக்கு விடுமுறை கிடைத்த ஒரு ஞாயிறு, மூவருமாக உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. கடையில் வாங்கிய கேரட்டையும் பீன்ஸையும் சமைத்து, மேஜையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஜன்னல் திரையை இழுத்து மூடினாள், பாத்தி கண்ணில் படாதிருக்க. பரிமாறியும் மகள் தட்டைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சமத்தாகக் காத்திருந்தாள்.

"சாப்பிடுடா, ஆறிடும்."

"அம்மா வரட்டும்" என்றாள் மகள்.

அவள் சிரிக்க முயன்றாள். "நான் இங்கதான இருக்கேன்."

மகள் அவளைப் பார்த்தாள். கோபமில்லை, விளையாட்டில்லை. முன்பின் தெரியாத அத்தை ஒருத்தி தவறாக எதையோ சொல்லிவிட்டால் திருத்தக் கூச்சப்படுகிற பார்வை. "இல்ல" என்றாள் மெதுவாக. "அம்மா."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவனும் சாப்பிடவில்லை. மூடிய ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்தது பசி மாதிரி தெரிந்தது. பசி மட்டுமில்லை. வர நேரமாகிறதே என்று வாசலைப் பார்க்கிற ஆணின் முகம். கல்யாணமான புதிதில் அவளுக்காக அவன் அப்படிப் பார்த்ததுண்டு.

அன்று சாயங்காலம் துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது வீடு ரொம்பவும் அமைதியாக இருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, இன்னும் விளக்குப் போடவில்லை. அந்த வாசனை இப்போது உள்ளேயும் இருந்தது. திரையில், தலையணையில், அவள் கையிலிருந்த துணியில். கூடத்துக்கு வந்தாள். மகள் சுவர் ஓரமாக அவளுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் தலை எப்போதும் எட்டுகிற இடத்தைவிட உயரமாக இருந்தது. ஏதோ நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள் என்று முதலில் நினைத்தாள். கீழே பார்த்தாள்.

நாற்காலி இல்லை.

மகளின் வெறுங்கால்கள் தரைக்கு மேலே இருந்தன. ஒரு படி உயரம். பாதம் முழுசாக எதன் மேலோ அழுந்தியிருந்தது, குதிகால் தட்டையாகியிருந்தது. கீழே தரை ஓடுகள். நடுவில் காற்று.

மகள் அடுத்த காலைத் தூக்கினாள். இன்னொரு படி ஏறினாள்.

அவள் பாய்ந்து போய் மகளை இடுப்போடு சேர்த்து அணைத்துக் கீழே இழுத்தாள். பிள்ளை அலறவில்லை. அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "கூப்பிடறாங்க" என்றாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி மகளைத் தன் வயிற்றோடு ஒட்டிப் படுக்க வைத்துக்கொண்டு கண்ணை மூடாமல் கிடந்தாள்.

காலையில் லாரிக்காரரைத் தேடிப் போனாள். அவர் வேலை செய்கிற இடம் ஊர்க்கோடியில் இருந்தது. பாதி இடித்த ஒரு கட்டடத்துக்கு முன்னால் லாரி நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மண்ணு சரியில்லையாம்மா?"

"அது யார் வீட்டு மண்ணு? அங்க யார் இருந்தாங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரிஞ்சது அந்த வீட்டைக் காவல் காத்தவர் சொன்னதுதாம்மா. ஒரு குடும்பம். புருஷன், பொண்டாட்டி, ஒரு பொம்பளப் பிள்ளை. ஒரு நாள் அப்பாவும் பொண்ணும் வெளிய போனவங்க ரோட்டுல அடிபட்டு, திரும்பி வரலை. அந்தம்மா அதை ஒத்துக்கவே இல்லையாம். தினமும் தோட்டத்துல வேலை செய்யும், காய் பறிக்கும், சமைக்கும், மூணு தட்டு போட்டுட்டு உக்காந்திருக்கும். ரெண்டு பேரும் வந்துடுவாங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தம்மாவைக் காணோம். கடைசியா தோட்டத்துலதான் பார்த்தாங்களாம், இருட்டற நேரத்துல, மண்ணைக் கிளறிட்டு இருந்துச்சாம். சொந்தக்காரங்க தேடிப் பாத்தாங்க, கிடைக்கலை. எத்தனையோ வருஷம் பூட்டிக்கிடந்துட்டு இப்பத்தான் இடிக்கக் கொடுத்தாங்க."

"தோட்டத்தைத் தோண்டிப் பாக்கலையா?"

"நாங்கதான்மா தோண்டினோம். ஆள் உயரத்துக்கு மேலயே தோண்டினோம். ஒண்ணும் இல்லை. ஒரு எலும்புகூட இல்லை. மண்ணுதான்." அவர் கொஞ்சம் தயங்கினார். "நல்ல மண்ணு."

"இன்னைக்கே வந்து அள்ளிட்டுப் போங்க. ஒரு பிடி மிச்சம் வைக்காம."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

கடைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு அவளும் மண்வெட்டியோடு இறங்கினாள். தக்காளிச் செடிகளை வேரோடு பிடுங்கினாள். ஒவ்வொரு செடியும் பிடித்த கையை விடாத குழந்தை மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு பட்டென்று விட்டது. மண்ணை வாரி வாரி லாரியில் ஏற்றினார்கள். அடியில் விரித்த அட்டை மக்கிக் கூழாகியிருந்தது. அதைச் சுரண்டியபோதுதான் வேர்கள் தெரிந்தன. தக்காளி வேர் இத்தனை தடிமன் ஆகாது. விரல் பருமனில், வெளுத்து, ஈரமாக, ஒன்றோடொன்று பின்னி, எல்லாமே ஒரே பக்கமாக ஓடின. வீட்டுப் பக்கமாக. சமையலறைச் சுவருக்கு அடியில் போய் மறைந்தன.

லாரிக்காரர் கடப்பாறையைக் கீழே போட்டார். "இதை நான் தொடமாட்டேன்மா" என்றார்.

அவளே வெட்டினாள். சுவரை ஒட்டி, எட்டுகிற வரைக்கும். வெட்டிய இடத்தில் சாறு கசியவில்லை, தண்ணீர் வரவில்லை. அந்த வீட்டு வாசனைதான் வந்தது.

கணவன் எப்போது வேலையிலிருந்து வந்தான் என்று அவள் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது பின்வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். காலியான பலகைப் பெட்டிகளையும், புறப்பட்டுப் போகிற லாரியையும் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அவ தோட்டத்துல இருந்தா" என்றான் அமைதியாக. "இருந்த இடத்தையும் எடுத்துட்டே. இனிமே அவ எங்க இருப்பா? வீட்டுக்குள்ளதான் வரணும்."

"யாரு?"

அவன் கண்ணைச் சிமிட்டினான். யாரோ தட்டி எழுப்பிய மாதிரி. "என்ன யாரு?" என்றான். பிறகு அவள் கைகளைப் பார்த்துப் பதறினான். "ஐயோ, என்ன இது, கையெல்லாம் கொப்புளம். உள்ள வா, மருந்து போடறேன்."

அது அவன் குரல். அவளுடைய கணவனின் குரல். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நல்ல நாட்கள் வந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கணவன் சுவிட்சை வலது பக்கம் தேடினான். தினமும் ராத்திரி அவள் வரும்வரை விழித்திருந்து, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தான். மகள் சமையலறைக்குள் ஓடும்போது கால் தடுக்கவில்லை. அம்மா அம்மா என்று காலையெல்லாம் நச்சரித்தாள். அந்த நச்சரிப்பைக் கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அடுக்கில் இரண்டு தட்டுகள்தான் இருந்தன. இப்போது அந்த இரண்டைப் பார்க்கையில் நெஞ்சு இறுகவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தாள். காற்று வந்தது. சமையலறைத் தரையில் சுவரை ஒட்டிய ஒரு ஓடு லேசாக மேலெழும்பியிருந்ததைப் பார்த்தாள். மழைக்காலம், ஈரத்துக்கு ஓடு தூக்கும் என்றான் கணவன். கொத்தனாரை வரச்சொல்ல வேண்டும் என்று நினைத்து, மறந்துபோனாள்.

ஒரு நாள் மதியமே வானம் இருண்டு மழை கொட்டத் தொடங்கியது. தெருவில் தண்ணீர் ஏறியது, கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார்கள். இன்று எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்ற சந்தோஷத்தில் அவள் முட்டளவுத் தண்ணீரில் நடந்தே வந்தாள். தெருமுனை திரும்பும்போது வீட்டில் விளக்கு எரிவது தெரிந்தது. கூடத்து விளக்கு. சமையலறை விளக்கு. மழைக்குள் மஞ்சளாக, கதகதப்பாக. வாசலுக்கு வந்ததும் ஒரு வாசனை அவளை நிறுத்தியது. மழையில் எல்லா வாசனையும் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. தக்காளி இலையைக் கசக்கினால் வருகிற பச்சை வாசனை. அதற்குப் பின்னால் பழைய துணி. எண்ணெய். புகை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள்.

"யாரு?" மகளின் குரல்.

"அம்மாடா. கதவைத் திற, நனையறேன்."

பிறகு மகள் வேறு பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. "அம்மா, வெளிய யாரோ 'அம்மா'ன்னு சொல்றாங்க."

சமையலறையில் கத்தி பலகையில் விழுந்துகொண்டிருந்தது. டக். டக். டக். நின்றது.

"திறந்துவிடு." ஒரு பெண் குரல். நெடுநாள் பேசாத தொண்டை. ஒவ்வொரு வார்த்தையும் ஈரமாக, எதையோ தள்ளிக்கொண்டு வந்தது. "பாவம். மழையில நிக்கிறாங்க."

தாழ்ப்பாள் விலகியது.

மகள் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தலை வாரி, முகம் கழுவி, புதிதாகத் துலக்கிய பாத்திரம் மாதிரி இருந்தாள். உதட்டோரம் சிவப்புச் சாறு. "யாரு வேணும் உங்களுக்கு?" என்றாள். நல்ல பிள்ளையாக. மரியாதையாக.

அவள் மகளின் தலைக்கு மேலே பார்த்தாள். மேஜையில் கணவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் மூன்று தட்டுகள். அவன் எழுந்து நின்று அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் புன்னகை அவளுக்குத் தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டு உள்ளே கதறுகிறவர்களுக்கு, கதவிடுக்கு வழியாக அவன் காட்டுகிற புன்னகை.

"பயப்படாதீங்க" என்றான். "ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க."

"நான்தாங்க" என்றாள். "என்னைப் பாருங்க. நான்தான்."

அவன் புன்னகை மாறவில்லை.

சமையலறை வாசலில் காலடி. வெறுங்காலடி. ஈரமான காலடி. இல்லாத படி ஒன்றில் இறங்குகிற ஓசை. அவளுடைய வீட்டு உடையின் ஓரம் தெரிந்தது. நீலப் பூப்போட்டது. நேற்று அவளே மடித்து வைத்தது. அது கூடத்தைக் கடந்து வந்தது. மகளுக்குப் பின்னால் வந்து நின்றது. கூடத்து விளக்கு அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டாம் என்று அவள் உயிர் கெஞ்சியது.

கை மட்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

கறுப்பான கை. உதிரும் மண். நகம் இருக்க வேண்டிய இடங்களில் நகம் இல்லை. ஒவ்வொரு விரலின் முனையிலிருந்தும் வெள்ளை வேர்கள், நூல் நூலாக, நீளமாக. அவை அசைந்தன. மகளின் உச்சந்தலையில் இறங்கின. வகிடெடுத்தன. கூந்தலுக்குள் புகுந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக, கோதத் தொடங்கின.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். தலையை அந்தக் கைக்குள் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.